விளம்பரம் அறியாத டிரெயில் பைக்

சாலையில்லாத மணலிலும் சேற்றிலும் இன்பத்துக்காக வண்டி ஓட்டுவதை ஆஃப்ரோடிங் என்றும், அதற்கென உயர்ந்த அடிப்பகுதியும் முண்டுமுண்டான டயரும் வைத்துச் செய்யப்படும் வண்டியை டிரெயில் பைக் என்றும் வாகன உலகம் வகுத்துள்ளது. இவ்வகையில் மலிவானதாகப் போற்றப்படும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, தரைக்கும் தன் அடிவயிற்றுக்கும் இடையே 220 மி.மீ. இடைவெளியோடு, ஒரு லட்சம் ரூபாயை ஒட்டிய விலையில் 2019இல் சந்தைக்கு வந்தது. பழவேற்காட்டு மீனவர் குப்பங்களிலோ, 1980இல் ஓசூரிலிருந்து புறப்பட்ட டிவிஎஸ் 50 மொபெட்டின் வழித்தோன்றலான எக்ஸ்எல், முன்தளத்தில் ஐஸ் பெட்டியும் பின்னால் ரப்பர் டியூபால் இறுக்கிய இறால் கூடையும் அதன்மேல் சொட்டும் வலையுமாக, கடற்கரை மணலை அன்றாடம் கடக்கிறது. உப்புக்காற்றில் மட்கார்டு துருவேறிப் பாதியாவதை உரிமையாளர்கள் எடைக்குறைப்பாகவே கருதுகிறார்கள் போலும். வார இறுதியில் முழங்கால் கவசத்தோடு சென்னையிலிருந்து வரும் சாகசக்காரர், டயரின் காற்றைச் சற்று இறக்கினால் அது அகன்று மணலில் புதையாது என்னும் நுட்பத்தைக் காணொளிகளில் கற்றுவருகிறார். மீனவருக்கு அது (பழைய டியூபின் தயவால்) தானாகவே வாய்த்துவிடுகிறது. முன்னவர் மணலில் சிக்கினால் அது அனுபவம். பின்னவர் சிக்கினால் மீன் ஏலம் முடிந்துவிடும், கொடுவா பாதி விலைக்குப் போகும். எக்ஸ்எல் 100இன் எடை 90 கிலோவுக்குள். எக்ஸ்பல்ஸின் எடை 150 கிலோவுக்கு மேல். புதைந்துபோன பின்னதை வெளியே இழுக்க மீனவரைத்தான் கூப்பிட வேண்டும்.