இரண்டு இலை, ஒரு கொழுந்து, நாலு கால்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் நாய் வளர்ப்பவர்கள் பலர் உண்டு. டெரியர்க்காரர் அந்தக் கணக்கில் சேர்த்தியில்லை. நாய் வளர்ப்பவரிடம் நாயின் பெயரைக் கேட்டால் மணி என்றோ டைகர் என்றோ சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். டெரியர்க்காரரிடம் கேட்டால், “எந்தப் பேரு? சர்ட்டிபிகேட்ல உள்ளதா, வீட்ல கூப்பிடறதா?” என்று திருப்பிக் கேட்பார். ஆள் ஐம்பதைத் தாண்டியவர். தோட்டத்து ஆபீசில் கிராணியாகவோ தொழிற்சாலையில் தூள் தரம் பிரிப்பவராகவோ காலம் தள்ளியவர். பாட்டி இதே சரிவில் கூடை சுமந்தவர். அவருடைய கம்பளிச் சட்டை எந்த நிறமானாலும் மேலே வெள்ளை மயிர் ஒட்டியிருக்கும். காரின் பின்சீட்டு நாய்க்கூண்டுக்கு என்று எழுதிக் கொடுத்தாயிற்று. மனைவி முன்சீட்டில் காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பையனாக இருந்தபோது தெருநாய்க் குட்டிகளைச் சட்டைக்குள் ஒளித்து லயத்துக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் அடி வாங்கியவர், இப்போது குட்டிக்கு வம்சாவளிப் பத்திரம் கேட்கிறார். வெள்ளைக்காரத் துரை போகும்போது விட்டுப்போன நிழல் என்று இவரைச் சொல்லிச் சிரிப்பது மலையில் வழக்கம். என் கட்சி வேறு. நாய்ப் பிரியம் இவரோடு பிறந்தது. ஆனால் நாய்ப் பிரியரை டெரியர்க்காரராக்கியது துரையல்ல, தேயிலை.

தேயிலை என்பது சும்மா விட்டால் பல மீட்டர் உயரத்துக்கு வளர்கிற மரம் என்பதைத் தோட்டத்துக்கு வெளியே பலர் மறந்துவிட்டார்கள். இடுப்பளவில் அதை நிறுத்தி வைப்பதுதான் இந்தத் தொழிலே. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டி, மேல்மட்டத்தைப் பலகைபோல் சமன்படுத்தி, மரமாகப் பிறந்ததை மேசையாக்குகிறார்கள். அதிலும் இரண்டு இலை, ஒரு கொழுந்து. முற்றியது வந்தால் கழிவு. பிறகு வாட்டி, உருட்டி, நொதிக்க விட்டு, உலர்த்தி, சல்லடை சல்லடையாகச் சலித்துத் தரம் பிரித்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். சுவை பார்ப்பவர் வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்புகிறார். குடிப்பது அவர் வேலையல்ல. இப்படி முப்பது ஆண்டு ஒன்றை அளந்து, கிள்ளி, கழித்து, எழுதிப் பழகிய மனிதர் வீட்டுக்கு வந்து நாய்க்குட்டியைப் பார்த்தால் கொஞ்ச மட்டுமா செய்வார்? ஜாக் ரசல் டெரியருக்குச் சர்வதேச நாயினக் கூட்டமைப்பு வகுத்திருக்கும் இலக்கணம் அவருக்கு மனப்பாடம். தோள் உயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர். ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ எடை. முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பை இரண்டு கைகளால் வளைத்துப் பிடிக்க முடிய வேண்டும். மார்பு பெருத்தால் நரிவளைக்குள் நுழைய முடியாதாம். இங்கிலாந்து நரி ஒன்றுகூட இல்லாத பகாங் மலையில், வாராவாரம் நாயின் மார்பை அந்த நரிவளைக்காக அவர் அளந்துகொண்டிருக்கிறார். துரைக்கு இவ்வளவு பொறுமை இருந்திருக்காது. இது கொழுந்து நிறுத்தவனின் கை.

கையைப் பற்றிச் சொன்னால் என் வழக்குக்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்லை. வயர் ஃபாக்ஸ் டெரியருக்கும் சொரசொரத்த மயிருள்ள ஜாக் ரசலுக்கும் கத்தரி ஆகாது. மெஷின் போட்டுச் சிரைத்தால் மயிர் மெத்தென்று ஆகிவிடும், நிறமும் மங்கும். நாய்க் கண்காட்சி நடுவர் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். பழுத்துச் செத்த மயிரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் மறுபக்கம் அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடும். தோட்டத்தில் இன்று நிலைமை என்ன? கையால் கொழுந்து கிள்ளுவது பெரும்பாலும் போய்விட்டது. பை கட்டிய கத்தரியும், இருவர் இரு முனையில் பிடித்து நடக்கும் இயந்திரமும் வந்துவிட்டன. அவற்றைப் பிடிப்பவர்களும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். பாட்டியின் விரல் வேலை சரிவுகளை விட்டு இறங்கி, பேரனின் வராந்தாவில், மேசைமேல் நிறுத்திய ஒரு நாயின் முதுகில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைப் போய் யாராவது துரைத்தனம் என்பார்களா?

என்பார்கள். ஆள் வெள்ளைக்காரனைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட பூனை என்பதுதான் முதல் குற்றச்சாட்டு. டெரியர்க்காரரும் இதற்கு இடம் கொடுக்கிறார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தேயிலையும் ரசல், நாயும் ரசல் என்று அவர் பெருமைப்படுவதைக் கேட்டால் இரண்டையும் ஒரே ஆள் கண்டுபிடித்ததாகத் தோன்றும். 1929இல் இலங்கைத் தோட்டக்காரர் மில்னோடு சேர்ந்து போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியவர் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல். நாய்க்குப் பெயர் கொடுத்தவர் டெவன் பகுதிப் பாதிரியார் ஜான் ரசல். 1819இல் ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பால்காரரிடம் டிரம்ப் என்ற பெட்டை நாயை வாங்கி வம்சத்தைத் தொடங்கி, 1883இலேயே காலமாகிவிட்டார். பெயர்ப் பொருத்தம் தவிர இருவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், 1873இல் லண்டன் கென்னல் கிளப் தொடங்கியபோது அதில் இருந்த அந்தப் பாதிரியார், தம்முடைய நாய்களைப் போட்டி மேடையில் ஏற்றவே இல்லை. அவருக்கு வேண்டியது வேட்டை. ஆகவே நம்மவர் வெள்ளைக்காரனைக் காப்பியடிப்பதாக இருந்தால் டெரியரைப் புதருக்குள் அவிழ்த்துவிட்டுத் தாமும் பின்னால் ஓடியிருக்க வேண்டும். மயிர் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். தவிர, பங்களா நாயைக் குளிப்பாட்டி, உண்ணி பிடுங்கி, அட்டை கடித்த காலுக்கு மருந்து போடும் வேலை எந்தக் காலத்தில் துரையின் வேலையாக இருந்தது? நாய் துரையுடையது, நாயைத் தெரிந்தவர்கள் சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்தார்கள்.

அடுத்து, தமிழனுக்கும் நாய்ப் பிரியத்துக்கும் என்ன சம்பந்தம், திட்டுவதற்கல்லவா நாம் நாயைக் கூப்பிடுகிறோம் என்பார்கள். மாணிக்கவாசகரே தம்மைத் தாழ்த்திக்கொள்ளும்போது நாயைத்தான் துணைக்கு அழைத்தார், உண்மை. ஆனால் திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடுபிடிச் சண்டையில் இறந்த வீரனோடு, கள்ளரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயையும் பெயர் சொல்லிக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். நாலடியார் நட்புக்கு யானையை விட்டுவிட்டு நாயைத் தேர்ந்தெடுத்தது. போட்டி மேடைகூட நமக்குப் புதிதல்ல. ஊட்டியில் தென்னிந்திய கென்னல் கிளப் நூறாண்டுக்கும் மேலாக நாய்க் கண்காட்சி நடத்தி வருகிறது, அதுவும் ஒரு தேயிலை மலைதான். அப்படியானால் ராஜபாளையத்தையோ சிப்பிப்பாறையையோ வளர்க்கக் கூடாதா என்ற கேள்வி நியாயமானது. அவற்றின் நீண்ட கால் சமவெளிக் கரிசலில் முயல் துரத்துவதற்கு என்றும், சரிவுக்குக் குட்டைக்கால்தான் என்றும் அவர் விளக்குவார். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. அவருடைய நாய்கள் சரிவில் இறங்கி யாரும் பார்த்ததில்லை.

மலையின் பழங்குடிகளான செமாய் மக்களின் நாய்களைப் பார்த்தால் மட்டும் என் கட்சிக்காரர் கொஞ்சம் சங்கடப்படுவார். அவை எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் காட்டுக்குள் போய் வேட்டைக்கு உதவிவிட்டு வருகின்றன; டெரியருக்கு என்று எழுதி வைத்த வேலையை டெரியர் அல்லாதவை செய்கின்றன. இதற்குப் பதில் இல்லை, நானும் தேடப்போவதில்லை. ஆனால் இந்தச் சங்கடம் இவருக்கு மட்டும் உரியதல்ல. டெரியர் என்றோ மண்ணை விட்டு மேடையேறிவிட்டது. உலகின் பெரிய நாய்க் கண்காட்சியான கிரஃப்ட்ஸின் வேரே 1886இல் நாய் பிஸ்கட் கம்பெனி ஊழியர் சார்லஸ் கிரஃப்ட் லண்டனில் நடத்திய டெரியர் கண்காட்சிதான். நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் போட்டியில் 1907 முதல் 1909 வரை மூன்று ஆண்டும் முதற்பரிசை ஒரே ஃபாக்ஸ் டெரியர் தட்டிச் சென்றது. இந்தத் தகவல்கள் எல்லாம் நம்மவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தோட்டத்துச் சம்பள உயர்வு எந்த ஆண்டு வந்தது என்றால்தான் யோசிப்பார். மலேசிய கென்னல் சங்கத்தின் போட்டி என்றால் விடியுமுன் தாப்பா வளைவுகளில் இறங்குவார். பாதி வழியில் நாய் வாந்தி எடுக்கும். குளிர்மலையில் வளர்ந்த அது கோலாலம்பூர் வெயிலில் நாக்கைத் தொங்கப்போட, ஈரத்துண்டு ஒரு கை, விசிறி ஒரு கை. மேடையில் நிற்பது சில நிமிடம்.

பணத்துக்காக என்று சொல்பவர்கள் அவருடைய செலவுக் கணக்கைப் பார்த்ததில்லை என்று மட்டும் சொல்லி அதைக் கடந்துவிடலாம். கனமான ஆட்சேபம், சாதி நாய் மோகம் நாய்க்கே கேடு என்பது. சரிதான். நெருங்கிய ரத்தத்தில் இணைசேர்த்தால் குறைகள் தங்கிவிடும். டெரியர்களுக்குக் கண்வில்லை நழுவிப் பார்வை போகும் பரம்பரை நோய் உண்டு, அதற்கு மரபணுச் சோதனையும் உண்டு. மலையில் இருக்கிற நாய்களோ கொஞ்சம். அதனால் ஒரு பெட்டைக்கு மாப்பிள்ளை தேட ஐந்து தலைமுறைப் பத்திரத்தை விரித்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்காருவார். “ஒரே தாத்தா ரெண்டு பக்கமும் வராரு, இது சரிப்படாது” என்று பத்திரத்தைத் தள்ளுவார். மனைவி உள்ளிருந்து, “என்னங்க, நாம ரெண்டு பேருக்கும் தாத்தா ஒருத்தர்தானே?” என்பார். மாமன் மகளைக் கட்டியவருக்கு இதற்கு என்ன பதில் இருக்க முடியும்?

இவ்வளவு அளப்பவரிடம் அன்பு எங்கே இருக்கிறது என்பதுதான் கடைசிக் கேள்வி. இதில் தேயிலையின் சட்டம் செல்லுபடியாகாமல் போவதை ஒப்புக்கொள்கிறேன். ஈற்றுக்கு நாலைந்து குட்டி என்றால் ஒன்றுக்காவது காது மடியாமல் விறைத்து நிற்கும், அல்லது கீழ்த்தாடை முன்னே துருத்தும், அல்லது உயரம் முப்பதைத் தாண்டும். சல்லடையில் நின்றுபோன இலைக்கு என்ன கதியோ அதுதான் இதற்கும் என்று எதிர்பார்ப்போம். “நல்ல வீடா பார்த்துக் குடுத்துடலாம்” என்று அவரும் சொல்வார். நல்ல வீடு கிடைப்பதில்லை. மேடைக்குப் போகும் சாம்பியன் மயிர் கெட்டுவிடும் என்று கூண்டில் படுத்திருக்க, தேறாத குட்டிகள் சோபாவில் வரிசையாகக் கிடக்கும். ஈப்போவிலிருந்து ஒருவர் குட்டி கேட்டு வந்தால் பெண் பார்க்க வந்தவர்களைவிடக் கடுமையான விசாரணை நடக்கும். வேலி உண்டா, மாடி வீடா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், இடி இடித்தால் எங்கே படுக்க வைப்பீர்கள்? எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாலும், “ஒரு மாசம் போகட்டுங்க, இன்னும் பால்குடி மறக்கல” என்பார். குட்டிக்கு எட்டு மாதம் ஆகியிருக்கும். வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் தோட்டத்தில் கிடையாது. நல்ல தூளாகப் பார்த்து அரைக் கிலோ கட்டிக் கொடுத்து, கார் வரை வந்து வழியனுப்புவார்.