எங்களை வவ்வாலாகப் பதிவு செய்ய வேண்டி

அனுப்புநர்:
இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள்,
வாடகை வீடு, தென் இங்கிலாந்துக்கும் நடு இங்கிலாந்துக்கும் இடையே எங்கோ.

பெறுநர்:
மாண்புமிகு அமைச்சர் அவர்கள்,
வீட்டுவசதி, சமூகங்கள் மற்றும் உள்ளாட்சித் துறை,
லண்டன்.

பொருள்: குடியிருப்பு – நால்வர் கொண்ட குடும்பத்தை பெக்ஸ்டைன் வவ்வால் இனத்தில் சேர்த்து ஆணை வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் துறை 1-4-1991 அன்று நிறுத்திவைத்த கடிகாரம்.
2. ஷீப்ஹவுஸ் காட்டில் எழும்பும் கூரை.

ஐயா,

பக்கிங்ஹாம்ஷயரில் ஷீப்ஹவுஸ் காடு என்று ஒன்று இருப்பது தங்களுக்குத் தெரிந்ததே. லண்டனிலிருந்து பர்மிங்ஹாம் போகும் எச்எஸ்2 அதிவேக ரயில்பாதை அந்தக் காட்டை உரசிக்கொண்டு போகிறது. அங்கே குடியிருக்கும் பெக்ஸ்டைன் வவ்வால்கள் ரயிலில் அடிபட்டுவிடக் கூடாதே என்று, பாதைக்கு மேலே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கூரை போடுகிறார்கள். செலவு 10 கோடி பவுண்டுக்கு மேல் என்று 2024 நவம்பரில் திட்டத்தின் தலைவரே சொன்னார். நாடு விழுந்து விழுந்து சிரித்தது. பிரதமரும் அதைச் சுட்டிக் கேலி செய்தார்.

எங்கள் வீட்டில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. கைக்குள் அடங்குகிற ஒரு ஜீவன், தென் இங்கிலாந்தில், இரண்டு ஊருக்கு நடுவில், பழைய ஓக் மரங்களுக்குப் பக்கத்தில், தலைக்கு மேல் கூரையோடு இடம் பிடித்துவிட்டது. நாங்கள் மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை, பதினேழாவது வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது என் மனைவிதான் சொன்னாள்: “மனுஷங்களா இருந்து பாத்தாச்சு. வவ்வாலா அப்ளை பண்ணிப் பாருங்களேன்.” அதன் விளைவே இவ்விண்ணப்பம்.

எங்கள் நிலவரத்தைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். எனக்கு ரெடிங்கில் கம்ப்யூட்டர் வேலை. (எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘ரீடிங்’ என்றுதான் வரும். அப்படிச் சொன்ன அன்றே வாடகை கொஞ்சம் ஏறிவிடும்.) மனைவி மில்டன் கீன்ஸில் செவிலியர். மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஆறு. இரண்டு வேலைக்கும் நடுவே ஒரு ஊர், பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், மழை ஒழுகாத ஒரு கூரை. இவ்வளவுதான் கேட்டோம். ‘இங்கிலாந்தில் எங்கே வேண்டுமானாலும் வசிக்கலாம், சுதந்திர நாடு’ என்றார்கள். கல்யாணப் பந்தியில் ‘எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள்’ என்பார்களே, அந்த மாதிரிதான் இதுவும். எல்லா இலையிலும் யாரோ கைக்குட்டை போட்டிருக்கிறார்கள்.

முதலில் ரெடிங்கிலேயே இருக்கலாம் என்று பார்த்தோம். அங்கிருந்து லண்டனுக்கு வேக ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. அதனால் லண்டனில் சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லாம் அங்கே வீடு வாங்குகிறார்கள். ரெடிங்கில் சம்பளம் வாங்குகிற நான் வேடிக்கை பார்த்தேன். விலை கிடக்கட்டும், மனைவி மில்டன் கீன்ஸுக்கு ரயிலில் போக வேண்டுமென்றால், கிழக்கே லண்டன் பாடிங்டன் போய், அங்கிருந்து யூஸ்டன் நிலையத்துக்கு மாறி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். மூக்கைத் தொடத் தலையைச் சுற்றுகிற வேலையை இங்கே ரயில்வேயே செய்து தருகிறது.

சரி, மில்டன் கீன்ஸ். 1967 ஜனவரியில் அரசு வரைபடத்தில் கோடு போட்டு உண்டாக்கிய ஊர். சதுரம் சதுரமாகச் சாலைகள், நூற்றுக்கு மேற்பட்ட ரவுண்டானாக்கள், 1978இலிருந்து மேய்ந்துகொண்டிருக்கும் கான்கிரீட் மாடுகள். நல்ல ஊர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே இருந்துகொண்டு நான் ரெடிங் போவது எப்படி? அதே பாடிங்டன், அதே யூஸ்டன், இந்தத் தடவை தலைகீழாக.

இந்த இடத்தில் தங்கள் முன்னோர்களின் திட்டமிடும் திறமையை மனமாரப் புகழ வேண்டும். ஆக்ஸ்ஃபர்டிலிருந்து பிஸ்டர், வின்ஸ்லோ வழியாக பிளெட்ச்லிக்கு, அதாவது இன்றைய மில்டன் கீன்ஸின் தெற்கு விளிம்புக்கு, ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான பாதைகளை மூடச் சொன்ன பீச்சிங்கின் 1963 அறிக்கையில்கூட அதன் பெயர் இல்லை. 1967 ஜனவரியில், பின்னாளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழப்போகும் ஊருக்குக் கொடி நட்டார்கள். அதே 1967 முடியும்போது அந்த ஊருக்கு மேற்கிலிருந்து வரும் ரயிலை நிறுத்தினார்கள். மாப்பிள்ளை அழைப்பு நடக்கும்போதே வாசல் கதவைச் சாத்திய வீட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இப்போது அதே பாதையை மறுபடி போட்டிருக்கிறார்கள். 2024இல் தண்டவாளம் சேர்ந்துவிட்டது. வின்ஸ்லோவில் புது நிலையமும் எழும்பியது. 2025இல் பயணிகள் ரயில் ஓடும் என்று சொல்லியிருந்தார்கள். 2025 ஓடிவிட்டது, ரயில் ஓடவில்லை. கதவை ஓட்டுநர் திறப்பதா, கார்டு திறப்பதா என்பதில் தகராறாம். வின்ஸ்லோவில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனபோது எஸ்டேட் ஏஜென்ட் பையன் பெருமையாகச் சொன்னான், “ஸ்டேஷன் நடக்குற தூரம்தான், சார்.” அதைச் சேர்த்து விலை போட்டிருந்தார்கள். ரயில் இன்னும் வரவில்லை. அதற்கான காசு வந்துவிட்டது.

ஆக்ஸ்ஃபர்ட் நடுவில்தானே என்று தாங்கள் கேட்கலாம். நடுவில்தான். ஆனால் ஊரைச் சுற்றிப் பச்சை வளையம் இருக்கிறது. நகரம் பரவாமல் வயலும் புல்லுமாகக் காக்க வேண்டும் என்று 1955இல் தங்கள் நாற்காலியில் இருந்த டங்கன் சாண்டிஸ் சுற்றறிக்கை விட்டார். நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வேலை வளையத்துக்கு உள்ளே வளர்ந்தது, ஆட்கள் வளையத்தைத் தாண்டி பிஸ்டரிலும் டிட்கோட்டிலும் போய் விழுந்தார்கள். தினமும் காலையில் அவர்கள் காரில் அந்தப் பச்சையைக் கடந்து உள்ளே வருகிறார்கள், சாயங்காலம் மறுபடி கடந்து வெளியே போகிறார்கள். புல் பத்திரமாக இருக்கிறது. புகைதான் கொஞ்சம் கூடுதல்.

அடுத்து, பள்ளிக்கூடம். பரீட்சை வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசு கிராமர் பள்ளி ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் ஒன்றுகூட இல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டி பக்கிங்ஹாம்ஷயருக்குள் வந்தால், ஆறாம் வகுப்பு தொடங்கும் செப்டம்பரிலேயே பரீட்சை. 121 மதிப்பெண் எடுத்தால் கிராமர் பள்ளிக்குத் தகுதி. 120 எடுத்தால் பிள்ளை அதே பிள்ளைதான், பெற்றோர் முகம் மட்டும் வேறு. ஆக்ஸ்ஃபர்ட்ஷயரின் பிஸ்டரில் வாங்கினால் என் மகன் பையனாக வளர்வான், பக்கிங்ஹாம்ஷயரின் வின்ஸ்லோவில் வாங்கினால் பரீட்சைக்காரனாக. இரண்டு ஊருக்கும் இடையே காரில் அரை மணி நேரம். பத்து வயதுப் பிள்ளையின் ஜாதகத்தை இவ்வளவு துல்லியமாக நிலப்பதிவு அலுவலகம் எழுதுகிற தேசத்தில் சோதிடர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது தெரியவில்லை.

கடைசியில் பையன் பையனாகவே வளரட்டும் என்று பிஸ்டரில் ஒரு வீட்டுக்கு விலை சொன்னோம். ஒப்புக்கொண்டார்கள். கைகுலுக்கினார்கள். வக்கீலுக்குப் பணம், சர்வேயருக்குப் பணம். எட்டாவது வாரம் ஏஜென்ட் போன் செய்தார்: வேறொருவர் பன்னிரண்டாயிரம் கூடத் தருகிறாராம், மன்னிக்கவும். ஒப்பந்தங்கள் கைமாறும்வரை இங்கே எந்த வாக்கும் யாரையும் கட்டுப்படுத்தாது. இதற்கென்றே ‘கசம்பிங்’ என்று அகராதியில் ஒரு சொல்லும் வைத்திருக்கிறீர்கள். வெற்றிலை பாக்கு மாற்றிய பிறகு பெண்ணை வேறு வீட்டுக்குக் கொடுப்பதற்கு எங்கள் ஊரில் தனிச்சொல் கிடையாது. வாயில் வருவதைச் சொல்லித் திட்டுவோம்.

பணக் கணக்குக்கு வருகிறேன். நாங்கள் முதல்முறை வாங்குபவர்கள், அதனால் முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. வீடு 5,00,000 பவுண்டு என்றால் தீர்வை 10,000. விலை 5,00,001 என்றால் சலுகை அடியோடு போய்விடும், தீர்வை 15,000. அந்த ஒற்றை பவுண்டு நாணயத்தின் விலை 5,000 பவுண்டு. உலகத்திலேயே விலை உயர்ந்த சில்லறையை அச்சடித்ததற்காகத் தங்கள் அரசின் நிதித்துறைக்கும் என் வாழ்த்தைத் தெரிவித்துவிடுங்கள்.

பிறகு கவுன்சில் வரி. 1-4-1991 அன்று வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதை வைத்து ஏ முதல் எச் வரை எட்டுப் பட்டிகள். இங்கிலாந்தில் அதற்குப் பிறகு மறுமதிப்பீடே கிடையாது. போன வருடம் கட்டிய வீட்டையும் கூப்பிட்டு, “1991இல் நீ இருந்திருந்தால் எவ்வளவுக்குப் போயிருப்பாய்?” என்று விசாரிக்கிறீர்கள். பிறக்காத பிள்ளைக்குப் பூர்வ ஜென்மக் கடன் பத்திரம். அதன் பலனையும் பாருங்கள்: பெயரில் மட்டும் பக்கிங்ஹாமை வைத்துக்கொண்டு வெஸ்ட்மின்ஸ்டரில் நிற்கும் அரண்மனை எச் பட்டி, ஆக உயர்ந்தது. 2025–26 கணக்குப்படி அதன் வரி, உண்மையான பக்கிங்ஹாம்ஷயரில், அய்ல்ஸ்பரியில், டி பட்டியில் இருக்கும் ஒரு சாதாரண வீட்டின் வரியைவிடக் குறைவு. அரண்மனையில் அறை காலியாக இருந்தால் தெரிவிக்கவும், வரிச் சிக்கனத்துக்காகப் பரிசீலிக்கத் தயார்.

வெள்ளத்தையும் விடவில்லை. ஆற்றோர வீடுகளுக்குக் கட்டுப்படியாகும் காப்பீடு கிடைக்க 2016இல் ஒரு ஏற்பாடு வந்தது. 1-1-2009க்குப் பிறகு கட்டிய வீடுகள் அதில் சேராது, வெள்ளம் பாயும் நிலத்தில் இனிமேல் கட்டக் கூடாது என்ற பாடத்துக்காக. பாடம் நல்ல பாடம். கட்டியவர் காசை வாங்கிக்கொண்டு அடுத்த வயலுக்குப் போய்விட்டார். வாங்கியவர்தான் முழங்கால் தண்ணீரில் நின்று படிக்கிறார்.

இனி வவ்வாலின் நிலவரத்தை ஒப்பிட்டுப் பார்க்கும்படி வேண்டுகிறேன்.

அ) பெயர் ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஒருவருடையது. ஆனாலும் யாரும் அதனிடம் பாஸ்போர்ட் கேட்கவில்லை. எங்களுக்கு 2014 குடியேற்றச் சட்டப்படி, வாடகைக்கு எடுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ‘வாடகை உரிமை’ச் சோதனை.

ஆ) சில நாளைக்கு ஒருமுறை அது மரப்பொந்து மாற்றிக்கொள்ளும். முத்திரைத் தீர்வை இல்லை, ஒரு பவுண்டு கூடினாலும் கவலை இல்லை.

இ) வவ்வாலின் இருப்பிடத்தைக் கலைப்பதை 1981இலேயே குற்றமாக்கிவிட்டீர்கள். காரணம் எதுவும் சொல்லாமல் வாடகைதாரரைக் கிளப்ப உதவும் 21ஆம் பிரிவை 1988இல் கொண்டுவந்தீர்கள். அதை ஒழிக்கும் சட்டம் நிறைவேற 2025 ஆயிற்று. நடுவே இரண்டு முறை அந்தப் பிரிவில் நாங்கள் மூட்டை கட்டினோம்.

ஈ) எச்எஸ்2 பக்கிங்ஹாம்ஷயரின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. மாவட்டம் முழுக்க மனிதருக்கென்று அதில் ஒரு நிலையம்கூடக் கிடையாது. வவ்வாலுக்குக் கூரை கிடைத்திருக்கிறது.

உ) அந்தக் காடு இருக்குமிடம் பிஸ்டருக்கும் வின்ஸ்லோவுக்கும் ஏறக்குறைய நடுவில். நாங்கள் மூன்று வருடமாகத் தேடும் இடம் அதுதான்.

ஆகவே எங்கள் நால்வரையும் மேற்படி இனத்தில் சேர்த்துக்கொள்ளுமாறு கோருகிறேன். எடையைக் குறைக்க முடியாது. தலைகீழாகத் தொங்குவது மூன்று வருடமாகப் பழகிய காரியம். இரவு நேர நடமாட்டம் என் மனைவிக்கு ஏற்கெனவே உண்டு, மாதத்தில் பாதி நாள் அவளுக்கு இரவுப் பணி.

வவ்வால் மேல் எனக்குப் பொறாமைதான், கோபம் இல்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். தண்டவாளம் போடுவதற்கு முன்பு அது எந்த மரத்தில் தூங்குகிறது, எந்தப் பக்கமாக இரைக்குப் போகிறது, எந்த வழியாகத் திரும்புகிறது என்று ஆள் போட்டுக் கணக்கெடுத்தார்கள். கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, கேட்டார்கள். கூரைக்கு அவ்வளவு செலவு செய்திருக்க வேண்டுமா என்பது வேறு வழக்கு. கேட்டது சரி. இரவுப் பணி முடித்த ஒரு செவிலியர் எந்த வழியாக வீட்டுக்குப் போவார் என்று, 1967இல் ரயிலை நிறுத்தும்போது யாரும் கேட்கவில்லை. வின்ஸ்லோவில் தயாராக நிற்கும் நிலையத்தைக் கடந்து என் மனைவி காரோட்டிப் போகும் இந்த வருடமும் யாரும் கேட்கவில்லை.

இந்த நாடாளுமன்றக் காலத்துக்குள் 15 லட்சம் வீடுகள் கட்டுவதாகத் தங்கள் அரசு சொல்லியிருக்கிறது. கட்டுங்கள், வரவேற்கிறேன். ஒவ்வொரு வயலிலும் முதல் செங்கல் வைக்கும் முன்பு, இங்கே குடிவரப் போகிறவர் எங்கே வேலைக்குப் போவார், எதில் போவார், பிள்ளை எந்தப் பள்ளிக்கு நடக்கும் என்று, வவ்வாலுக்குக் கேட்டதில் பாதிக் கேள்வியாவது எங்களுக்காகவும் கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
வாடகைதாரர்

இணைப்பு: மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட் நகல்கள், பழைய வீட்டுக்காரரின் நற்சான்று, வராத ரயிலின் கால அட்டவணைக்கு ஒரு வெற்றுத் தாள்.