கரண்டி பிடித்த மிஷனரி

கேள்வி: மிஷனரிப் பணியைக் கற்க வேதாகமமும் வகுப்பறையும் போதாதா? விடுதியில் கூடி வாழச் சொல்லி, பாத்திரமும் கழுவ வைக்கிறார்களே!
– இறையியல் மாணவர், மதுரை

பதில்: அந்த வேதாகமத்திலேயே அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். எருசலேம் சபையில் முறுமுறுப்பு கிளம்பியது கொள்கைக்காக அல்ல, சோற்றுக்காக. கிரேக்கம் பேசிய விதவைகளைப் பந்தியில் கவனிக்கவில்லையாம். பந்தி விசாரிக்க ஏழு பேரை நியமித்தார்கள். அவர்களில் ஒருவரான பிலிப்புதான், இரண்டே அதிகாரம் தள்ளி, சமாரியாவுக்குப் போய்ப் பிரசங்கிக்கிறார். பந்தியைச் சமாளித்தவருக்குச் சமாரியா எம்மாத்திரம்! (கல்யாண வீட்டில் பரிமாறிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.)

கூடி வாழ்வதற்கும் நம் பக்கத்திலேயே ஒரு வகுப்பறை உண்டு. 1921-இல் திருப்பத்தூரில் டாக்டர் சவரிராயன் ஏசுதாசனும், ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். கதர் உடுத்தினார்கள், நோயாளிகளைப் பார்த்தார்கள், ஆலயத்தைக்கூடத் திராவிடக் கோயில் பாணியில் கட்டினார்கள். ஒருவர் பெரியண்ணன், மற்றவர் சின்னண்ணன் என்று பெயர் நிலைத்தது. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில், வெள்ளைக்காரர்தான் சின்னண்ணன்.