ஒருவர் மனமும் நோகாமல்

சங்கீத, நாட்டிய இதழ் ஒன்றை நெடுங்காலமாக நடத்திவரும் நம் ஆசிரியரைப் போல இளகிய மனம் படைத்தவரைப் பார்ப்பது அரிது. ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கல்கி விகடனில் இசை விமர்சனம் எழுதினார். படித்தவர்கள் சிரித்தார்கள், பாடியவர்கள் முகம் சுளித்தார்கள். விமர்சகர் சுப்புடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாலோ மேடையில் இருப்பவருக்கு வியர்க்கும். பாவம், விளம்பரப் பிரிவின் அருமை தெரியாதவர்கள்! நம்மவர் பேனாவால் இன்றுவரை ஒரு வித்வானுக்கும் ஜலதோஷம்கூடப் பிடித்ததில்லை.

பட்சபாதமும் அறியாதவர். பின்னட்டை வண்ண விளம்பரம் கொடுத்தவர் தோடியில் கரைகண்டவர். அரைப்பக்கம் கொடுத்தவரிடம் பாவம் ததும்பும். ஒன்றும் கொடுக்காதவரையும் கைவிடமாட்டார். ‘இன்னாரும் பாடினார்’ என்று பெயரைப் பிழையில்லாமல் போடுவார், பெரும்பாலும். அமெரிக்காவிலிருந்து வந்து அரங்கேற்றம் செய்யும் பெண்ணுக்கு அட்டைப்படமே உண்டு. அவ்வளவு செலவழித்து வந்த பெற்றோரை வெறுங்கையோடு அனுப்பலாமா?

ஞானத்திலும் குறையில்லை. ஒருமுறை ஷண்முகப்ரியாவை சிம்மேந்திரமத்யமம் என்று எழுதினார். இரண்டுக்கும் நிஷாதம் ஒன்றுதான் வேறு; ஒற்றை ஸ்வரத்துக்காக ராகங்களைப் பிரித்துப் பார்க்க அவருக்கு மனம் வராது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போவதுகூட வித்வான் மேல் உள்ள மரியாதையால்தான். உட்கார்ந்து கேட்டால் அல்லவா குறை காதில் விழும்? அடையை அவியலில் தோய்த்தபடியே ‘தனி விறுவிறுப்பாக அமைந்தது’ என்று குறித்துக்கொள்வார்.

அவர் நிதானத்தை முழுதாகப் பார்க்கக் கிடைத்தது 2018இல். இசை, நடன உலகப் பெண்கள் பலர் தங்களுக்கு நேர்ந்த பாலியல் தொல்லைகளை வாய்விட்டுச் சொன்னார்கள். மியூசிக் அகாடமியே சில கலைஞர்களை அந்த மார்கழிக் கச்சேரிப் பட்டியலிலிருந்து எடுத்தது. ஊர் இரண்டுபட்டுக் கிடந்தபோது நம்மவர் பதறினாரா? தம்புராவுக்கு நூல் வைக்கும் நுட்பம் பற்றி எட்டுப் பக்கத்துக்கு ஆய்வுக் கட்டுரை போட்டார். சுருதி கலையாமல் காப்பதென்றால் இதுவல்லவா? அதே இதழின் பின்னட்டையில் யார் சிரித்துக்கொண்டிருந்தார் என்று இப்போது கிளறுவது அநாகரிகம்.

வாசகர் கடிதங்களுக்கும் தவறாமல் பதில் போடுவார். மிஸ்ர சாபில் வாசித்த தனியை இதழில் ஆதி தாளமாக்கிவிட்டார்களே என்று மிருதங்க வித்வான் ஒருவர் வருத்தப்பட்டு எழுதினார். அடுத்த வாரமே நன்றிக் கடிதம் வந்து சேர்ந்தது, சீசன் மலருக்கான விளம்பரக் கட்டணப் பட்டியலோடு.