மதுவும் தூக்கமும்

கேள்வி: இரவில் சிறிது மது அருந்தினால் உடனே தூக்கம் வருகிறதே, அதை விட்டுவிட்டால் தூக்கமும் போய்விடாதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: மது தரும் தூக்கம் கந்துவட்டிக்கு வாங்கிய கடன், முன்னிரவில் கொடுத்ததைப் பின்னிரவில் வட்டியோடு பறித்துக்கொள்ளும். மூளையின் பரபரப்பை அடக்கும் வேதிப்பொருளான ‘காபா’வின் செயலை ஆல்கஹால் கூட்டுவதால் கண்கள் விரைவில் செருகினாலும், கனவுகள் மிகுதியாகத் தோன்றும் உறக்கநிலை முற்பாதியில் குறைந்து, மதுவின் வேகம் தணிந்ததும் உறக்கம் அடிக்கடி கலைகிறது. நாள்தோறும் குடிப்பவரின் மூளை இந்த அடக்குமுறைக்கு ஈடாகத் தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்வதால், நிறுத்திய தொடக்க நாட்களில் தூக்கம் கெடுவது உண்மையே. ஆயினும் அது மது தேவை என்பதற்குச் சான்றன்று, மூளை தன் பழைய சமநிலையைத் தேடுகிறது என்பதற்கே சான்றாகும்.

மதுவை விடுவதன் ஆதாயம் தூக்கத்தோடு நிற்பதில்லை. கல்லீரல் செல்களில் கொழுப்பு படியும் ‘கொழுப்புக் கல்லீரல்’ என்னும் தொடக்கநிலைப் பாதிப்பு, குடியை முற்றிலும் நிறுத்திய சில வாரங்களிலேயே பெரும்பாலும் சீராகத் தொடங்குகிறது; மிகுதியாகக் குடித்தவர்களின் இரத்த அழுத்தமும் இறங்குகிறது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இலேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என வகைப்படுத்திவிட்டதால், தவிர்க்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் குறைக்கப்படும் ஓர் ஆபத்தே ஆகும்.

மதுவுக்கு மாற்றாகத் தூக்க மாத்திரைகளைத் தாமாக விழுங்குவது ஒரு பிடியிலிருந்து மற்றொரு பிடிக்கு மாறுவதாகும். இரண்டையும் சேர்த்து உட்கொண்டாலோ மூச்சே அடங்கிவிடக்கூடும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர்கள் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் நேரலாம் என்பதால், அவர்கள் மருத்துவரின் மேற்பார்வையிலேயே மதுவைக் கைவிட வேண்டும்.