காதில் பஞ்சு குறித்து ஒரு பகிரங்க விண்ணப்பம்

மகா ராஜ ராஜஸ்ரீ வினாத்தாள் கர்த்தர் அவர்கள் சமூகத்துக்கு, தாம்பரம் சானடோரியத்தில் இருப்புப்பாதையோரம் வசிப்பவனும், கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவனுமாகிய ஒரு கிழவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது.

பொருள்: என் பேத்தியின் இரு காதுகளிலும் உள்ள பஞ்சு.

தங்கள் திருநாமம் இன்னதென்பதும், தாங்கள் எந்த ஊரில் எந்த அறையில் அமர்ந்து பத்தாம் வகுப்பு அறிவியல் வினாக்களை வகுத்தருளுகிறீர்கள் என்பதும் பரம ரகசியங்களாதலின், உறையின்மேல் எழுத விலாசமின்றி இதனைப் பகிரங்கக் கடிதமாகவே எழுத நேர்ந்தது. கண்ணுக்குப் புலப்படாமல் இருந்துகொண்டு ஆண்டுதோறும் எட்டொன்பது லட்சம் குடும்பங்களைப் பங்குனி மாதத்தில் நடுங்கவைக்கும் சக்தி, தெய்வத்தை விட்டால் தமிழ்நாட்டில் தங்களுக்கே உண்டு. தெய்வத்துக்காவது நேர்ந்துகொள்ள ஒரு சந்நிதி இருக்கிறது.

என் பேத்தி இவ்வாண்டு பத்தாம் வகுப்பு. இயக்க விதிகளில் தொடங்கிக் கார்பனும் அதன் சேர்மங்களும் ஈறாக, இயற்பியலும் வேதியியலுமாக உள்ள 11 அலகுகளையும் முதல் திருப்புதல் தேர்வு, இரண்டாம் திருப்புதல் தேர்வு, மூன்றாம் திருப்புதல் தேர்வு என்று மும்முறை திருப்பி முடித்து, இப்போது யாரும் கேளாமல் தானாகவே நான்காம் முறை திருப்பிக்கொண்டிருக்கிறாள். விசையையும், சுழல்புள்ளியிலிருந்து அதன் செங்குத்துத் தொலைவையும் பெருக்கினால் வருவது திருப்புத்திறன் என்று முதல் அலகு சொல்கிறது. புத்தகத்தின் தையல் பிரிந்து, ஒளியியல் தனியாகவும் வெப்ப இயற்பியல் தனியாகவும் கையோடு வந்துவிட்டிருப்பதைக் காணும்போது, இந்தத் திருப்புதலுக்கும் ஏதோ ஒரு திறன் இருக்கத்தான் வேண்டுமென்று ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற வாரம் ஒரு மாலை நேரம். சன்னலுக்கு வெளியே கல்லெறி தூரத்தில் தண்டவாளம்; சன்னலுக்கு உள்ளே என் பேத்தி, இரு காதுகளிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, முன்னும் பின்னுமாக உடலை ஆட்டியவாறு, ஒலி மூலத்துக்கும் கேட்குநருக்கும் இடையே சார்பியக்கம் இருக்கும்போது கேட்கப்படும் அதிர்வெண் மாறுபடும் என்னும் பொருளுள்ள ஒரு நீண்ட வாக்கியத்தை உருவேற்றிக்கொண்டிருந்தாள். அவ்வமயம் ஒரு விரைவு வண்டி ஹாரனை முழக்கிக்கொண்டு எங்கள் வீட்டைக் கடந்து சென்றது. ஓங்கி வந்த நாதம் சன்னலுக்கு நேரே வந்ததும் சடக்கென்று கீழிறங்கித் தொய்ந்து போயிற்று. குழந்தை முகத்தைச் சுளித்துப் பஞ்சை இன்னும் உள்ளே திணித்துக்கொண்டாள்.

"என்னம்மா, காதுல பஞ்சு?"

"போங்க தாத்தா, இந்த ரயில் சத்தத்துல டாப்ளர் எஃபெக்ட் மண்டையில ஏறவே மாட்டேங்குது."

ஐயா, கிறிஸ்டியன் டாப்ளர் என்னும் ஆஸ்திரிய விற்பன்னர் 1842-இல் ஊகித்ததை, மூன்று ஆண்டுகள் கழித்து நெதர்லாந்தில் பைஸ் பாலட் என்பவர் மெய்யாகவே சோதித்துப் பார்த்தார். ஓடும் ரயிலில் கொம்பு வாத்தியக்காரர்களை ஏற்றி, ஒரே சுரத்தை ஊதச் சொல்லி, பாதையோரம் சுருதி ஞானம் உள்ளவர்களை நிறுத்தி, வரும்போது என்ன சுரம், போகும்போது என்ன சுரம் என்று குறித்துக்கொண்டார். அத்தனை செலவும் சிரமமும் எங்கள் சானடோரியத்தில் தேவையில்லை. நாள் முழுவதும் நடக்கும் இந்தச் சோதனைக்குப் பயணச்சீட்டுக்கூட வேண்டியதில்லை. வண்டி மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். தாம்பரத்தில் நின்றாக வேண்டிய வண்டி அத்தனை வேகத்தில் எங்களைக் கடக்காது என்பது எனக்குத் தெரியாததன்று. ஆயினும் தங்கள் வினாத்தாள்களில் ஓடும் ரயில்கள் எதுவும் எங்கும் நின்று நான் கண்டதில்லை. வினாடிக்கு 30 மீட்டர். ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர். ஹாரனின் அதிர்வெண் 400 ஹெர்ட்ஸ் என்றால், வரும்போது நம் காதில் விழுவது ஏறத்தாழ 439, போகும்போது 368. போகிற நாதத்தை ஷட்ஜமாகப் பிடித்தால், வந்த நாதம் சாதாரண காந்தாரம்! இந்த நான்கு மதிப்பெண் வினாவை ரயில் என் வீட்டு வாசலில் பாடிவிட்டுப் போகிறது. வினாவுக்குரியவளோ காதைப் பொத்திக்கொண்டிருக்கிறாள்.

இதில் எனக்குச் சொந்தமாக ஒரு வேடிக்கை உண்டு. முப்பத்தோர் ஆண்டுகள் ஹாரன் அடித்துப் பிழைத்த நான், என் ஹாரனில் இந்த விளைவை ஒரு நாளும் கேட்டதில்லை. ஒலி மூலமும் கேட்குநரும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் சென்றால் டாப்ளர் விளைவு நிகழாது என்பது விதி. என் மோட்டார்மேன் அறையில் மூலமும் கேட்குநரும் நான் ஒருவனே. எதிர்வண்டியின் ஹாரனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அந்நேரம் என் கண்ணும் கருத்தும் சிக்னலில் இருந்தன. ஓய்வு பெற்று இந்தச் சன்னலோரம் சாய்வு நாற்காலி போட்ட பிறகுதான், இத்தனை ஆண்டுகளாக ஊராருக்கு நான் வாசித்த கச்சேரி என்னவென்று எனக்கே தெரிந்தது. இதைப் பேத்தியிடம் சொன்னேன். பஞ்சை ஒரு காதிலிருந்து மட்டும் எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"தாத்தா, இது புக்ல இருக்கா?"

"அந்த நிபந்தனை இருக்கும்மா, நான்தான் இல்ல."

"அப்ப வேணாம்."

அவளைக் குறை கூறேன். நம் முன்னோர் காண்டல், கருதல், உரை என்று அறிவுக்கு மூன்று அளவைகள் வைத்து, எதை எப்போது நம்புவதென்று நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டு அலுத்தார்கள். தாங்களோ பெருங்கருணையால் முதலிரண்டையும் ரத்துச்செய்து, உரை ஒன்றையே, அதுவும் கைடில் தடித்த எழுத்தில் உள்ள உரையை மட்டுமே, நிலைநிறுத்திவிட்டீர்கள். சித்தாந்திகளுக்குக் கைகூடாத ஒற்றுமை இது.

நிலைமம் என்ற பாடமும் இவ்விதமே. மேலே செல்லும் மின்கம்பியில் மின்னோட்டமே இல்லாத ஒரு சிறு துண்டு சில இடங்களில் வரும். அங்கே நாங்கள் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தான் கடக்க வேண்டும். பெட்டியில் விளக்கணையும், மின்விசிறி ஓயும், பயணிகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். வண்டி மட்டும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆயிரக்கணக்கானோரை ஏற்றிய வண்டி இழுப்பாரில்லாமல் செல்வதைவிடச் சிறந்த உரையாசிரியர் நியூட்டனுக்கு எவர் கிடைப்பார்? விடைக்குறிப்பில் அந்த உதாரணம் இல்லையாம். ஆகவே நீளந்தாண்டுபவன் தாண்டுமுன் சற்றுத் தூரம் ஓடி வருகிறான் என்றே எங்கள் தெருக் குழந்தைகள் அனைவரும் எழுதுகிறார்கள். நீளந்தாண்டிய குழந்தை எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. தாண்டுவதற்கு இடமும் இல்லை.

அடுத்து வெப்ப விரிவு. தண்டவாளங்களுக்கிடையே இடைவெளி விடுவது ஏன் என்னும் வினா, நான் அரைக்கால் சட்டை அணிந்த காலத்திலிருந்து நம் பள்ளிகளில் கேட்கப்பட்டு வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தியை நடைமேடைக்கு அழைத்துப் போய், இடைவெளியைக் காட்டுவதாகச் சொல்லித் தேடினேன். கண்ணுக்கெட்டிய தூரம் காணோம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான். மீட்டர் பாதை வண்டியின் அந்தக் கடகடவென்னும் தாளம் எப்போதோ போய்விட்டதே! இக்காலத்தில் தண்டவாளங்களை ஒன்றோடொன்று பற்றவைத்து நெடுந்தூரத்துக்கு ஒரே கம்பியாக்கி, குறித்த ஒரு வெப்பநிலையில் இழுவிசையைச் சமன்செய்து, கான்கிரீட் கட்டைகளோடு இறுகப் பிணைத்துவிடுகிறார்கள். விரிய விரும்பும் எஃகு விரிய வழியின்றி அந்த அவதியைத் தனக்குள்ளேயே தகைவாகத் தாங்கிக்கொண்டு கிடக்கிறது. (எஃகை மட்டும் சொல்லவில்லை.) "அப்ப இடைவெளி இல்லைன்னு எழுதட்டுமா?" என்றாள் குழந்தை. அவளுடைய மதிப்பெண்ணுக்கு நான் ஜாமீன் நிற்க இயலாதாகையால், இடைவெளி உண்டென்றே எழுதச் சொன்னேன். பொய் சொல்லப் பேத்திக்குப் பயிற்சியளித்த பாவத்தில் தங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

இத்தனைக்கும், ஆறு நிலையங்கள் வடக்கே உள்ள பரங்கிமலையின் அடிவாரத்தில்தான் 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன், பாரத தேசம் முழுவதையும் முக்கோணங்களால் அளக்கும் மகா காரியத்தைத் தொடங்கினார். அங்கிருந்து தெற்கே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை நூறடி எஃகுச் சங்கிலியால் அளக்க அவருக்கு 57 நாட்கள் பிடித்தன. காரணம் நம் வெயில். வெயிலில் சங்கிலி நீளும். நீண்டால் அளவு பிழைக்கும். ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, கூடவே வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு தடவையும் வெப்பத்துக்குத் தக்கபடி திருத்திக்கொண்டார். எஃகின் நீள் விரிவுக் குணகத்தை வைத்து நான் போட்டுப் பார்த்த கணக்கில், ஒரு டிகிரி செல்சியஸைக் கவனியாமல் விட்டாலும் அந்த ஏழரை மைலில் 14 சென்டிமீட்டர் தப்பிவிடும். தெற்கே நூலிழை தப்பினால் வடக்கே இமயம்வரை தப்பும். வேளச்சேரிச் சாலையில் நாள்தோறும் வியர்வை வழியப் போகிறவர்கள் அந்தக் கோட்டருகேதான் போகிறார்கள். ஆனால் நீள் விரிவுக் கணக்கில் எப்போதும் வருவது பெயரூர் இல்லாத ஓர் அலுமினியத் தண்டு.

வேதியியலைப் பற்றி நான் அதிகம் பேசத் தகுதியற்றவன். குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையினால் பெயர் பெற்ற குரோம்பேட்டைக்கு அடுத்த நிலையத்தில் இருந்துகொண்டு, அணு எண் 24 யாதென்று பேத்தி திணறியதை மட்டும் பதிவுசெய்கிறேன். தனிம வரிசை அட்டவணையில் ஒரு கட்டம் எங்கள் ஊர்ப் பேருந்தின் நெற்றியில் எழுதியிருக்கிறது.

தங்கள் தரப்பு நியாயத்தையும் நான் அறியாதவனல்லன். எட்டொன்பது லட்சம் விடைத்தாள்களை எத்தனையோ கைகள் திருத்த வேண்டும். ஒரே விடைக்கு மதுரையில் ஒன்றும் செங்கல்பட்டில் ஒன்றுமாக மதிப்பெண் விழுந்தால் அதுவும் அநீதியே. நானும் விதிப்புத்தகத்தின் பிள்ளைதான். விசில் போர்டு வந்தால் ஹாரன் அடிக்க வேண்டும், ஏனென்று கேட்கக் கூடாது. எங்களையும் அவ்வப்போது பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பிப் பரீட்சை வைப்பார்கள். நானும் விதிகளை எண் வாரியாக உருவேற்றினவன். எங்கள் பரீட்சையில் மட்டும் ஓர் அசௌகரியம் இருந்தது: மறுநாள் விடியற்காலை வண்டி இருந்தது. சிவப்புக்கு அலைநீளம் மிகுதி, சிதறல் குறைவு, ஆகவே அபாய விளக்கு சிவப்பு என்பது விடைக்குறிப்பு. துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியனவாக இருக்கும்வரை அது மெய்யே. போகி விடியலில் எரித்த குப்பையின் புகையும் பனியும் கலந்து பல்லாவரத்தை மூடிக்கொள்ளும்போது, அந்தப் பனித்துளிகள் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியனவாதலால், சிவப்பு பச்சை என்ற பாரபட்சமின்றி எல்லாவற்றையும் மறைக்கும். அப்போது விடைக்குறிப்பை நம்பி எவனும் வண்டி ஓட்டியதில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டு கண்ணை நம்பினோம்.

சி. வி. ராமனுக்கும் இந்தக் கண்ணை நம்பும் துர்ப்பழக்கம் இருந்தது. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்பது அந்நாளைய விடைக்குறிப்பு. எழுதி வைத்தவர் சாமானியரல்லர், ராலே பிரபு. 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய ராமன், நிக்கோல் பட்டகம் ஒன்றைக் கண்ணில் வைத்துப் பிரதிபலித்த ஒளியை விலக்கிப் பார்த்தார்; நீலம் அப்படியே இருந்தது. அவ்வாண்டு தாங்கள் திருத்தியிருந்தால் அந்த விடைக்குச் சுழியம்தான். மறுமதிப்பீட்டின் முடிவு 1930-இல் ஸ்டாக்ஹோமிலிருந்து வந்தது. இன்று ராமன் சிதறல் தங்கள் பாடநூலில் இருக்கிறது. அதை என் பேத்தி பிழையின்றி ஒப்பிக்கிறாள், அடுத்த மாதம் மகாபலிபுரம் போகும்போது கடலைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள்.

ஆகவே என் பிரார்த்தனை யாதெனில், 75 மதிப்பெண்ணில் ஓர் இரண்டு மதிப்பெண்ணை மட்டும் ஒதுக்கி, 'நேற்று உன் வீட்டுச் சன்னல் வழியாக நீ கண்டதோ கேட்டதோ ஒன்றைச் சொல்லி, அதற்குக் காரணம் கூறுக' என்று ஒரு வினா வைத்தருள வேண்டும் என்று எழுத எண்ணினேன். எழுதத் தொடங்கியதும் அதன் விபரீதம் புலப்பட்டது: எட்டொன்பது லட்சம் சன்னல்களுக்கு விடைக்குறிப்பு எங்கே அச்சிடுவது? அன்றியும், அடுத்த ஆண்டே 'சன்னல் வினாவும் மாதிரி விடைகளும்' என்று தனியாக ஒரு கைடு வந்து, அதனையும் குழந்தைகள் சன்னலைச் சாத்திவிட்டு மனப்பாடம் செய்வார்கள். எனவே அந்தப் பிரார்த்தனையை வாபஸ் வாங்கிக்கொண்டு, எளிதான வேறொன்றைச் சமர்ப்பிக்கிறேன். தாங்கள் ரயில்வே நிர்வாகத்துக்கு ஒரு வரி எழுதி, பரீட்சை முடியும்வரை தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் இடையே வண்டிகள் ஹாரன் அடியாமல் செல்ல ஏற்பாடு செய்தால், எங்கள் குழந்தைகள் டாப்ளர் விளைவை நிம்மதியாகப் படிப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் விதேயன்,
ஓய்வு பெற்ற மோட்டார்மேன், தாம்பரம் சானடோரியம்.

பின்குறிப்பு: மேற்படி பஞ்சு என் மனைவி விளக்குத் திரிக்கென்று வாங்கி வைத்திருந்தது. ஒலியியல் முடிவதற்குள் முக்கால் பாகம் காலி. அணுக்கரு இயற்பியலுக்கு மீதியைத் தரமாட்டேன் என்று நேற்று அவள் பொட்டலத்தைப் பூஜை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டபடியால், இன்று காலை குழந்தை வெறுங்காதோடு சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள், 7.10 செங்கல்பட்டு வண்டி வருகிற நேரம்.