பால் காய்ச்சிறதுக்கு முந்தி

வாரும் தம்பி, இரும். கையில என்ன, திருப்புளியோ? அதை முதல்ல மேசையில வையும். உம்மட கையில ஆயுதத்தைக் கண்டால் எனக்கு மகளின்ர தாலியைப் பற்றித்தான் யோசினை வருது.

லண்டன் ஹறோவில வீடு வாங்கினீர், சந்தோசம். குடிபூரலுக்கு ஐயரிட்டை நாள் கேட்டாச்சு, வாழைக்குலைக்குச் சொல்லியாச்சு, வீடியோக்காரனையும் பிடிச்சாச்சு. வெயில் காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடு. குசினிச் சுவரில தொங்குதே அந்த வெள்ளைப் பெட்டி, பொயிலர், அது கடைசியா எப்ப எரிஞ்சது, ஆர் பாத்தது எண்டு ஆரிட்டையாவது கேட்டீரோ? இல்லை. யூரியூப்பில ஒரு வெள்ளைக்காரன் மூடியைக் கழட்டிக் காட்டினவனாம், நீரும் கழட்டப் போறீராம். செய்யும், செய்யும். எனக்கென்ன தெரியும், நான் அச்சுவேலியில வெங்காயத்துக்குத் தண்ணி இறைச்சவன்.

எண்டாலும் கேளும். மூடிக்கு வெளியில இருக்கிற பொத்தானும் முள்ளும் உமக்கு. மூடிக்கு உள்ள இருக்கிறது காஸ் வேலைக்குச் சட்டப்படி பதிஞ்ச காஸ் சேஃப் பதிவுக்காரனுக்கு. சில பொயிலர்களில அந்த மூடிதான் எரிஞ்ச காத்து வீட்டுக்குள்ள வராமல் அடைச்சுக்கொண்டு நிக்குது. அதை நீர் கழட்டித் திருப்பிப் பூட்டேக்க ஒரு பக்கம் சரியாக் குந்தாட்டி, நீர் பெரிய கெட்டிக்காரன் எண்டு அந்தக் காத்துக்குத் தெரியாது.

உம்மட சிநேகிதன் ஒருத்தன் இருக்கிறானாம், ரசீது இல்லாமல் அரைக் காசுக்குச் செய்வானாம். கிழமை நாளில கடையில நிக்கிறான், ஞாயிற்றுக்கிழமையில காஸ்காரன். நல்ல பெடியன், குடிபூரலுக்கு வந்து வடிவாச் சாப்பிடட்டும். பொயிலரில கை வைக்கிறவனிட்டைப் படம் போட்ட காஸ் சேஃப் அட்டையைக் கேளும். முன்பக்கத்தைப் பாத்துப்போட்டு விட்டிடாதையும், என்னென்ன வேலைக்குத் தகுதி எண்டு பின்பக்கத்திலதான் கிடக்கும். காஸ் சேஃபுக்கு முந்தி இருந்த கோர்கிப் பதிவின்ர ஸ்ரிக்கரைக் காட்டினால் தேத்தண்ணியைக் குடுத்து அனுப்பும். 2009 ஏப்ரலோட அந்தப் பதிவு போட்டுது.

பதிவுக்காரன் வந்து பாத்துச் சரியெண்டிட்டான் எண்டு வைப்பம். பிறகு கதவைத் திறந்த கையோட சாம்பிராணி போடாதையும். முதல்ல மூக்கு. காஸுக்குத் தன்ர மணம் எண்டு ஒண்டும் இல்லை. ஒழுகினால் தெரியட்டும் எண்டுதான் நாத்த மருந்து கலந்து விடுறாங்கள். நீர் அதையும் சாம்பிராணியால மறைச்சுப்போட்டால் ஆரின்ர பிழை? நாத்தம் அடிச்சால் கற்பூரமும் இல்லை, குத்துவிளக்கும் இல்லை. லைற் சுவிச்சைப் போடவும் வேண்டாம், நிப்பாட்டவும் வேண்டாம். கதவு யன்னலைத் திறந்து, மீற்றரடியில இருக்கிற கைபிடியைக் குழாய்க்குக் குறுக்காத் திருப்பி, எல்லாரையும் வெளியில கொண்டுவந்து, றோட்டில நிண்டு 0800 111 999க்கு அடியும். இரவு பகல் எப்பவும் எடுப்பாங்கள், காசும் இல்லை. முகூர்த்தம் தவறுது எண்டு ஐயர் உள்ள நிண்டால் தட்சிணையைக் கூட்டும், வருவார்.

வெளிச்சுவரில புகை போற குழாய் வாயையும் ஒருக்காப் பாரும். பூட்டிக் கிடந்த வீடு, கொடி படர்ந்திருக்கும், குருவி குடி வந்திருக்கும். உம்மை எனக்குத் தெரியும், வாழைக்குலையைக் கொண்டுபோய் அதுக்கு முன்னாலதான் கட்டுவீர்.

காபனோரொட்சைட்டு அலாம் வாங்கினீர் எண்டு மகள் சொன்னவள். எங்க அது? லாச்சிக்குள்ள, பெட்டியும் உடைக்காமல். புகை அலாம் கூரையில கிடக்குத்தானே எண்டு சொல்லாதையும், அது புகைக்குக் கத்தும், இதுக்குக் கத்தாது. பொயிலர் இருக்கிற அறையில, கையேட்டில சொன்ன இடத்தில வைச்சு, பொத்தானை அமத்திக் கத்த வைச்சுப் பாரும். வீட்டை வாடகைக்கு விடுறவைக்கே 2022 ஒக்ரோபரில இருந்து இங்கிலாந்தில இது சட்டம். சொந்த வீட்டுக்காரருக்கு மட்டும் இந்தக் காத்து சலுகை காட்டுமோ? மணமும் இல்லை, நிறமும் இல்லை. வீட்டில இருக்கேக்க தலையிடி, பிரட்டல், தலைச்சுத்து, வேலைக்குப் போனால் சுகம் எண்டால் மாமி வந்து நிக்கிறதாலதான் எண்டு நினைச்சுக்கொண்டு பேசாமல் இராதையும். பொயிலரை நிப்பாட்டி, எல்லாரும் வெளியில வந்து, அதே இலக்கத்துக்கு அடியும். மாமியையும் கூட்டிக்கொண்டு வாரும்.

இனி தண்ணி அழுத்தம் காட்டுற முள்ளு. பொயிலர் குளிர்ந்து கிடக்கேக்க 1க்கும் 1.5 பாருக்கும் இடையில நிக்க வேணும். கீழ விழுந்திருந்தால், அடியில இருக்கிற பின்னல் குழாயின்ர திருப்பிகளை மெல்லத் திறந்து தண்ணி விடும். போன் வந்தது எண்டு எழும்பிப் போயிடாதையும். 3 பாரில பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணி வெளிச்சுவரால ஊத்தும். அளவுக்கு வந்த உடன திருப்பிகளை இறுக்கி மூடும்.

குசினி அடுப்பை எரிச்சுப் பாரும். அது எரியாட்டி பொயிலரில கோவிச்சுப் பிரயோசனம் இல்லை. மீற்றரில கைபிடி மூடியிருக்கும், இல்லாட்டி முன்காசு கட்டுற மீற்றரில காசு முடிஞ்சிருக்கும். பொயிலருக்குப் பக்கத்தில இருக்கிற சுவிச்சைப் போட்டு, நேரம் சரியோ எண்டு பாத்து, தெர்மோஸ்ராற்றை அறைச் சூட்டுக்கு மேல ஏத்தும்.

ஏத்தின உடன பொயிலர் நெருப்பு மூட்டாது. காத்தாடி ஓடி உள்ள தங்கினதைத் தள்ளும். பிறகுதான் டிக் டிக் எண்டு பொறி, காஸ் வால்வு திறக்கும். சுவாலை வந்ததோ எண்டு ஒரு கம்பி காவல் நிக்கும். சில செக்கனுக்குள்ள சுவாலையைக் காணாட்டி வால்வை மூடிப்போடும். சில தரம் இப்பிடிப் பாத்துப்போட்டு, போதும் எண்டு பூட்டிக்கொண்டு ஒரு இலக்கத்தைக் காட்டும். இங்கதான் உம்மட விரல் துடிக்கும், ரீசெற், ரீசெற் எண்டு. ஊரில மாதக்கணக்காக் கிடந்த வோட்டர் பம்பை எழுப்பேக்க எங்கட பெடியளும் இப்பிடித்தான், கயித்தை விடமாட்டாங்கள். எண்ணெய் நிரம்பிப் பிளக்கு நனைஞ்ச பிறகுதான் கை ஓயும். அங்க நட்டம் ஒரு பிளக்கு. இங்க எரியாத காஸ், தம்பி. ஒருக்கா அமத்தும். மிஞ்சினால் இன்னொருக்கா. பிறகும் பூட்டினால் அந்த இலக்கத்தைப் போனில படம் எடுத்து வையும், வட்சப் குறூப்புக்கு இல்லை, வாறவனுக்குக் காட்ட.

எப்பவும் சின்னச் சுவாலை எரிஞ்சுகொண்டு நிக்கிற பழைய பொயிலர் உம்மட வீட்டில இல்லை. இருக்கிற வீட்டில அது அணைஞ்சால், குமிழை மூடி ஆகக் குறைஞ்சது 3 நிமிசம் பொறுத்துத்தான் திருப்பி மூட்ட வேணும்.

பத்திச்சுதோ, நல்லது. சூடேற முள்ளு 2 பார் மட்டில போகும், பயப்பிடாதையும். ரேடியேற்றர் கீழ சூடும் மேல குளிருமா இருந்தால் உள்ள காத்து. பொயிலரை நிப்பாட்டி, ஆற விட்டு, திறப்பால காத்தைத் திறந்து விடும். சீலைத்துண்டைப் பிடியும், கறுத்தத் தண்ணி மகளின்ர புதுத் திரைச்சீலையில பட்டால் பிறகு உமக்கு எந்த அலாமும் உதவாது. காத்து போக முள்ளும் இறங்கும், திருப்பிப் பாரும்.

இதெல்லாத்தையும் குடிபூரலுக்கு ஒரு கிழமைக்கு முந்திச் செய்யும். அண்டைக்குக் காலமை நாலு மணிக்குச் செய்தால், வீடியோவில ஆக்கள் எல்லாரும் கம்பளிக்குள்ளதான் நிப்பினம்.

தெர்மோஸ்ராற்றை 20 பாகையில விடும். மாமி வந்து 25க்கு ஏத்துவா. அதால வீடு கெதியாச் சூடாகாது, கனநேரம் எரிஞ்சு காசுதான் போகும். அதை நான் அவவுக்குச் சொல்லிப் பாத்தனான். இனி நீர் சொல்லிப் பாரும்.